வளைகுடா சிலிண்டரை விட்டுச் சீனாத் தகட்டைப் பிடிப்பதா? ஒரு கடலூர் சாப்பாட்டுக் கடையின் கேள்வி

மஞ்சக்குப்பம்_மெஸ்
3 ஜூலை 2025, இரவு 10.15

எல்லோருக்கும் வணக்கம். மஞ்சக்குப்பத்தில் பதினொரு வருடமாகச் சாப்பாட்டுக் கடை நடத்துகிறேன். காலையில் டிபன், மதியம் சாப்பாடு, இரவு தோசையும் பரோட்டாவும். என்னோடு சேர்த்து ஏழு பேருக்கு வேலை. மாதத்துக்கு 19 கிலோ கமர்ஷியல் சிலிண்டர் இருபது ஓடுகிறது.

போன மாதம் இஸ்ரேல், ஈரான் சண்டை நடந்த பன்னிரண்டு நாளும் எனக்குச் சரியான தூக்கம் கிடையாது. தம்பி தோஹாவில் வேலை பார்க்கிறான். 23ஆம் தேதி ராத்திரி அங்கே இருக்கும் அமெரிக்கத் தளத்தை நோக்கி ஏவுகணை வந்தபோது, அவன் போனை எடுக்கும்வரை என் கை நடுங்கிக்கொண்டே இருந்தது. அதற்கு முதல் நாள், ஞாயிற்றுக்கிழமை, வளைகுடாவிலிருந்து காஸ் கப்பல்கள் வெளியே வரும் ஹோர்முஸ் நீரிணையை மூட ஈரான் நாடாளுமன்றம் ஒப்புதல் கொடுத்துவிட்டது என்று டிவியில் ஓடியது. உடனே கடையின் பின்கட்டுக்குப் போய் நிரம்பிய சிலிண்டர்களை எண்ணினேன். நான்கு இருந்தன. ஆறு நாளைக்கு வரும்.

உள்ளதைச் சொல்கிறேன், எனக்கு ஒரு சிலிண்டர்கூடத் தாமதமாகவில்லை. 24ஆம் தேதி சண்டையும் நின்றது. நிற்காமல் போயிருந்தால் ஏழாவது நாள் என் அடுப்பு எரிந்திருக்குமா என்பதுதான் இன்னும் மனதைவிட்டுப் போகாத கேள்வி.

மகன் சொல்கிறான்: இண்டக்‌ஷன் அடுப்பு வாங்கு, மாடியில் சோலார் போடு. எதிர்க்கடை அண்ணன் சொல்கிறார்: "சோலார் தகடு, பேட்டரி எல்லாம் சீனா. அரபுக்காரன் கையை விட்டுச் சீனாக்காரன் கையில் விழப்போகிறாய், அவ்வளவுதான்." இரண்டு பேர் சொல்வதும் சரி போலத்தான் படுகிறது. சேர்த்து வைத்திருப்பது ஆறு லட்சம். அதைத் தப்பான இடத்தில் போட்டுவிடக் கூடாது. விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

லாஸ்பேட்டை_வாத்தியார்
3 ஜூலை, இரவு 11.02

அம்மா, உங்கள் கடையை வைத்தே சொல்கிறேன். நான் பாலிடெக்னிக்கில் மின்னியல் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவன்.

உங்களுக்கு அரிசியும் வேண்டும், கிரைண்டரும் வேண்டும். அரிசி மண்டி ஒரு வாரம் மூடினால் இட்லி இல்லை. கிரைண்டர் செய்யும் கம்பெனியை இழுத்து மூடினாலும் உங்கள் கிரைண்டர் நாளைக்கும் மாவு ஆட்டும். ரிப்பேர் வரும்போதுதான் தலைவலி. எல்பிஜி அரிசி மாதிரி, தினமும் வந்துகொண்டே இருக்க வேண்டும். சோலார் தகடு கிரைண்டர் மாதிரி. அது ஒரு முறை மாடிக்கு ஏறிவிட்டால் இருபத்தைந்து வருடம் வெயில்தான் அதற்கு எரிபொருள். வெயிலுக்குக் கப்பல் வேண்டாம்.

எதிர்க்கடைக்காரர் சொல்வதிலும் பாதி உண்மை உண்டு. தகடு செய்யும் ஒவ்வொரு படியிலும் உலக உற்பத்தித் திறனில் எண்பது சதவீதத்துக்கு மேல் சீனாவிடம் இருப்பதாகப் பன்னாட்டு எரிசக்தி முகமை 2022இல் கணக்குக் காட்டியது. நாளைக்குச் சீனா கதவைச் சாத்தினால் புதிதாகப் போடுகிற வேகம் குறையும், விலை ஏறும். ஏற்கெனவே போட்டது ஓடும். ஹோர்முஸ் சாத்தினால் ஏற்கெனவே எரிகிற அடுப்பு அணையும். இரண்டையும் ஒரே தட்டில் வைத்து எடை போடக் கூடாது.

கப்பல்காரன்_முதுநகர்
4 ஜூலை, காலை 6.30

அக்கா, நான் எல்பிஜி கப்பலில் இரண்டாம் இன்ஜினியர். இப்போது லீவில் முதுநகரில் இருக்கிறேன். ராஸ் தனுரா, ருவைஸ், ராஸ் லஃபான் என்று வளைகுடாத் துறைமுகங்களுக்குப் பல தடவை போய் வந்திருக்கிறேன். உங்கள் சிலிண்டர் வரும் வழியைச் சொல்கிறேன்.

இந்தியா வருடத்துக்குச் செலவழிக்கும் எல்பிஜி ஏறத்தாழ 3.1 கோடி டன். இங்கே உற்பத்தியாவது அதில் பாதிகூட இல்லை. இரண்டு கோடி டன் கடல் வழியாகத்தான் வருகிறது. அதில் பத்தில் ஒன்பது பங்கு வளைகுடா. பெரிய எல்பிஜி கப்பல் ஒன்றில் 45,000 டன் போல ஏற்றலாம். கணக்குப் போட்டுப் பாருங்கள், இந்தியாவுக்காகத் தினமும் ஒரு கப்பலுக்கு மேல் ஹோர்முஸ் வழியாக வெளியே வந்தாக வேண்டும். ஞாயிறு, பண்டிகை எதுவும் கிடையாது. எப்போதும் நாலைந்து கப்பல் வழியிலேயே இருக்கும்.

அந்த நீரிணை மிகக் குறுகும் இடத்தில் 21 கடல் மைல். கப்பல்களுக்கு ஒதுக்கிய தடம் போக இரண்டு மைல், வர இரண்டு மைல், நடுவில் இரண்டு மைல் இடைவெளி. உலகம் குடிக்கும் எண்ணெயில் ஐந்தில் ஒரு பங்கு அந்தச் சந்துக்குள்தான் போகிறது. கச்சா எண்ணெய்க்காவது சவூதி செங்கடல் பக்கம் ஒரு குழாய் போட்டிருக்கிறது, அமீரகம் ஃபுஜைராவுக்கு ஒன்று போட்டிருக்கிறது. கத்தார் எல்என்ஜிக்கு, அதாவது குளிர்வித்துத் திரவமாக்கிய இயற்கை எரிவாயுவுக்கு, மாற்று வழியே இல்லை. எல்பிஜியிலும் பெரும்பகுதிக்கு இல்லை.

நீரிணையை நிஜமாகவே மூட வேண்டும் என்றுகூட இல்லை. போன மாதம் நான் கப்பலில் இல்லை, கூட வேலை பார்த்தவர்கள் இருந்தார்கள். ஜிபிஎஸ் குழம்பி, கப்பல் பாலைவனத்தின் நடுவில் நிற்பதாகத் திரை காட்டியதாம். 17ஆம் தேதி ஓமன் வளைகுடாப் பக்கம் ஃப்ரண்ட் ஈகிள், அடலின் என்று இரண்டு டேங்கர்கள் மோதித் தீப்பிடித்தன. போர்க்காப்பீட்டுக் கட்டணம் ஏறும், முதலாளி யோசிப்பார், கப்பல் வெளியே நங்கூரம் போட்டுக் காத்திருக்கும். ஒரு வாரம் அப்படிக் காத்திருந்தாலே மூடியதற்குச் சமம்.

கையிருப்பையும் சொல்லிவிடுகிறேன். விசாகப்பட்டினத்தில் பாறைக்கு அடியில் எல்பிஜிக்கு ஒரு குகை இருக்கிறது, 60,000 டன். மங்களூரில் 80,000 டன்னுக்கு ஒன்று தயாராகிறது. நாட்டின் ஒரு நாள் செலவே 85,000 டன். துறைமுகத் தொட்டி, பாட்டிலிங் பிளான்ட், ஏஜென்சி குடோன் என்று வழிநெடுக இன்னும் கொஞ்சம் நிற்கும், அதனால் மறுநாளே அடுப்பு அணையாது. ஆனால் மாதக்கணக்கில் தாங்கும் சரக்கும் கிடையாது. கச்சா எண்ணெயைச் சேமித்து வைக்க விசாகப்பட்டினம், மங்களூர், பாதூர் மூன்றிலும் சேர்த்து 53 லட்சம் டன்னுக்கு இடம் இருக்கிறது. எல்பிஜிக்கு அந்த அளவு கவனிப்பு இல்லை. பத்துக் கோடிக்கு மேல் உஜ்வலா இணைப்பு கொடுத்த நாடு இது. விறகடுப்பை உடைத்துவிட்ட அம்மாக்களுக்கு என்ன பதில் என்று ஒவ்வொரு முறை அந்த நீரிணையைத் தாண்டும்போதும் நினைப்பேன்.

மஞ்சக்குப்பம்_மெஸ்
4 ஜூலை, காலை 11.40

தம்பி, இதைப் படித்ததும் சிலிண்டரை அதிகமாக வாங்கி அடுக்கிவிடலாமா என்றுதான் முதலில் தோன்றியது.

கப்பல்காரன்_முதுநகர்
4 ஜூலை, மதியம் 12.10

செய்யாதீங்க அக்கா. உரிமம் இல்லாமல் 100 கிலோ வரைதான் வைக்கலாம். 19 கிலோ சிலிண்டர் என்றால் ஐந்து, அதோடு சரி. கூட்டம் வந்து போகும் கடை. சட்டம் ஒரு பக்கம் இருக்கட்டும், எனக்கு அந்த வாயுவின் குணம் தெரியும். காற்றைவிடக் கனம். கசிந்தால் மேலே போகாமல் தரையோடு படுத்துக்கிடக்கும்.

பரங்கிப்பேட்டை_கரை
4 ஜூலை, மாலை 5.20

எல்லோரும் இண்டக்‌ஷன் என்கிறீர்கள். சரி, கரண்ட் எங்கிருந்து வருகிறது?

எங்கள் ஊருக்குப் பக்கத்திலேயே 1,200 மெகாவாட் அனல்மின் நிலையம் இருக்கிறது. வெளிநாட்டு நிலக்கரியை நம்பிக் கட்டியது. காரைக்கால் துறைமுகத்தில் இறங்கி வரும் கரி. 2022 ஜனவரி 1ஆம் தேதி இந்தோனேசியா திடீரென்று நிலக்கரி ஏற்றுமதிக்குத் தடை போட்டது, தன் நாட்டு மின் நிலையங்களுக்கே கரி போதவில்லை என்று. அடுத்த மாதம் உக்ரைன் போர். கரி விலை எங்கேயோ போனது. அந்த வருடம் மே மாதம் மத்திய அரசு மின்சாரச் சட்டத்தின் 11ஆவது பிரிவை எடுத்து, இறக்குமதிக் கரியில் ஓடும் நிலையங்கள் எல்லாம் முழுத் திறனில் ஓடியே ஆக வேண்டும் என்று உத்தரவு போட வேண்டி வந்தது.

காஸுக்கு ஒரு கடல், கரிக்கு இன்னொரு கடல். அடுப்பை மாற்றினால் கடல் மாறுகிறது. கடலை விட்டே வெளியே வந்துவிட்டோம் என்று யாரும் நினைக்க வேண்டாம்.

வட்டம்_17
4 ஜூலை, இரவு 8.05

இதற்குத்தான் நான் எப்போதும் சொல்வது: நெய்வேலியை மறந்துவிட்டுப் பேசாதீர்கள்.

எங்கள் அப்பா முதல் அனல்மின் நிலையத்தில் வேலை பார்த்தவர். சோவியத் உதவியோடு கட்டியது, 1962இல் மின்சாரம் தர ஆரம்பித்தது, 600 மெகாவாட். 2020 செப்டம்பரில்தான் கடைசியாக நிறுத்தினார்கள். இத்தனை வருடத்தில் 1973 எண்ணெய் நெருக்கடி வந்தது, 1990 குவைத் போர் வந்தது. கரி எடுக்க நாங்கள் எந்தத் துறைமுகத்தையும் எட்டிப் பார்த்ததில்லை. சுரங்கத்திலிருந்து கன்வேயர் பெல்ட்டில் நேராகக் கொதிகலனுக்குப் போகிற கரி. பழுப்பு நிலக்கரியில் ஈரம் அதிகம், வெப்பம் குறைவு, புகையும் அதிகம்தான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் எந்த நாட்டு நாடாளுமன்றமும் தீர்மானம் போட்டு அதை நிறுத்த முடியாது. கார்பனைக் குறைக்கிறோம் என்று இதை அவசரப்பட்டு மூடிவிட்டு, பதிலுக்கு எல்என்ஜி இறக்குமதி செய்தால் அது பாதுகாப்பா?

சேத்தியாத்தோப்பு_உழவன்
4 ஜூலை, இரவு 9.30

வட்டம்_17 அண்ணே, உங்கள் அப்பா உழைப்புக்கு மரியாதை உண்டு. ஆனால் "நம்ம மண்ணில் இருக்கிறது, அதனால் ஆபத்து இல்லை" என்று சொல்லாதீர்கள்.

அந்தக் கரிக்குக் கீழே அழுத்தத்தோடு நீர் நிற்கிறது. இரவும் பகலும் அதை இறைத்துக்கொண்டே இருந்தால்தான் சுரங்கத்தில் வேலை நடக்கும். அது இந்த மாவட்டத்தின் நிலத்தடி நீர். 2023 ஜூலையில் வளையமாதேவியில் கதிர் வந்த நெல்லுக்குள் பொக்லைன் இறங்கியதை நாடே டிவியில் பார்த்தது. எரிபொருளை இறக்குமதி செய்யாமல் இருக்க நெல்லை இறக்குமதி செய்யலாம் என்றால், அதையும் பாதுகாப்பு என்று எப்படிச் சொல்வது? நாங்கள் எந்த நாட்டுக்கு எதிராகவும் இல்லை. ஊருக்கு வெளிச்சம் வேண்டும், அதற்கு விலை எப்போதும் எங்கள் வயலாகவே இருப்பது ஏன் என்றுதான் கேட்கிறோம்.

இழை_பொறுப்பாளர்
4 ஜூலை, இரவு 10.10

நண்பர்களே, நில எடுப்புக்குத் தனி இழை ஒன்று ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கிறது. விரிவாகப் பேச அங்கே வாருங்கள். இங்கே அந்த அம்மாவின் கேள்விக்கு வருவோம்.

வில்லியனூர்_சோலார்
5 ஜூலை, காலை 7.45

அக்கா, எனக்கு இதுதான் தொழில். புதுச்சேரி, கடலூர், விழுப்புரம் மூன்று பக்கமும் வேலை செய்கிறேன். முதலில் உங்கள் கணக்கு.

19 கிலோ சிலிண்டர் ஒன்றில் இருக்கும் சூட்டில் பாதிக்குக் கொஞ்சம் மேல்தான் பாத்திரத்துக்குள் போகிறது. மீதி உங்கள் சமையலறையைக் கொதிக்க வைக்கிறது. இண்டக்‌ஷனில் அந்த விரயம் குறைவு. அனுபவத்தில் ஒரு கமர்ஷியல் சிலிண்டருக்கு 150 யூனிட் என்று வைத்துக்கொள்வேன். இருபது சிலிண்டர் என்றால் மாதம் 3,000 யூனிட். மாடியில் ஒரு கிலோவாட் போட்டால் நம் பக்கத்து வெயிலுக்கு நாளைக்கு 4 யூனிட். 10 கிலோவாட் போட்டாலும் மாதம் 1,200 தான். ஆயிரம் சதுர அடி வரை நிழல் விழாத மாடி வேண்டும். ஆகவே சமையல் முழுக்கச் சோலாரில் என்று யாராவது ஆசை காட்டினால் நம்பாதீங்க. வீடுகளுக்குத் தரும் 78,000 ரூபாய் மானியமும் கடைக்குக் கிடையாது.

அடுத்ததாக, எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம். 2024 நவம்பர் 30 ராத்திரி ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிப் பக்கம் கரையேறியது. ஒரே நாளில் 48 சென்டிமீட்டர் மழை. கரண்ட் போனது. மறுநாளுக்கு அடுத்த நாள் லேசாக வெயில் வந்ததும் எனக்கு நாற்பது வீட்டிலிருந்து வரிசையாகப் போன்: "மாடியில் தகடு இருக்கு, வெயில் அடிக்குது, வீட்டில் ஒரு லைட் எரியலையே, ஏமாத்திட்டியா?" ஏமாற்றவில்லை. ஆன்-கிரிட் இன்வெர்ட்டர் அப்படித்தான். தெருக் கம்பியில் கரண்ட் இல்லை என்றால் அதுவும் தன்னை அணைத்துக்கொள்ளும். இல்லாவிட்டால் கம்பத்தில் ஏறி வேலை செய்கிற லைன்மேன் உயிர் போய்விடும். கரண்ட் இல்லாதபோதும் ஓட வேண்டும் என்றால் ஹைப்ரிட் இன்வெர்ட்டரும் பேட்டரியும் வேண்டும். இதை விற்கும்போதே சொல்லியிருக்க வேண்டும். அந்த நாற்பது வீட்டிலும் நான் தெளிவாகச் சொல்லவில்லை, அது என் தவறு. இப்போது முதல் வார்த்தையே இதுதான் சொல்கிறேன்.

2011 டிசம்பர் 30 தானே புயலை மறந்திருக்க மாட்டீர்கள். கடலூரில் எத்தனை தெருவுக்கு வாரக்கணக்கில் கரண்ட் வரவில்லை! அப்போது ஊருக்குச் சோறு போட்டது காஸ் அடுப்பும் விறகும்தான். எல்லாவற்றையும் கரண்டுக்கு மாற்றிவிட்டு இன்னொரு தானே வந்தால் என்ன செய்வது? ஹோர்முஸ் ஐயாயிரம் நாளில் ஒரு நாள் மூடலாம். நம் கரையில் புயல் அடிக்கடி வருகிறது.

மஞ்சக்குப்பம்_மெஸ்
5 ஜூலை, மதியம் 3.15

தானே அடித்தபோது எங்கள் வீட்டில் பதினேழு நாள் கரண்ட் இல்லை, தம்பி. மாமியார் விறகடுப்பு மூட்டித் தெருவுக்கே கஞ்சி ஊற்றினார்கள்.

இந்தப் பேட்டரி எந்த நாட்டுச் சரக்கு?

வில்லியனூர்_சோலார்
5 ஜூலை, மாலை 6.00

லித்தியம் என்றால் செல் பெரும்பாலும் சீனாவிலிருந்து வரும், இங்கே பெட்டியில் அடுக்குவார்கள். நான் போடுவது இரும்பு பாஸ்பேட் வகை. அதில் கோபால்ட், நிக்கல் கிடையாது. அதனால் காங்கோ, இந்தோனேசியா கவலை இல்லை. பழைய ஈய பேட்டரி பெரும்பாலும் நம் ஊர்ச் சரக்கு, பழைய ஈயத்தையே உருக்கித் திரும்பச் செய்வார்கள். கனம் அதிகம், ஆயுள் குறைவு, ஆனால் எந்த ஊர் மெக்கானிக்கும் பார்ப்பான். கடை ஃபேன், லைட், பில் மெஷின், பிரிட்ஜ் இதற்கு மட்டும் என்றால் ஈயமே போதும்.

தகட்டைவிட எனக்குப் பயம் இன்வெர்ட்டர் மேல்தான். எட்டு, பத்து வருடத்தில் மாற்ற வேண்டி வரும். போர்டு போனால் அதே கம்பெனி போர்டு வேண்டும். போன வருடம் ஒரு வியாபாரியிடம் சொல்லிவைத்த போர்டு மூன்று மாதம் வரவே இல்லை, அந்த வீட்டுக்காரர் தகட்டை வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தார். இன்னொன்று, இந்த இன்வெர்ட்டர்கள் எல்லாம் இன்டர்நெட்டில் கம்பெனி சர்வரோடு பேசுகின்றன. சீனாவில் செய்த சில இன்வெர்ட்டர்களுக்குள் ஆவணத்தில் இல்லாத தகவல் தொடர்புக் கருவிகள் இருந்ததை அமெரிக்க நிபுணர்கள் கண்டதாக மே மாதம் ராய்ட்டர்ஸ் செய்தி வந்தது. ஒரு வீட்டில் நின்றால் ஒன்றும் இல்லை. லட்சம் வீட்டில் ஒரே நேரத்தில் நிறுத்த முடிந்தால் அது வேறு கதை.

முத்தியால்பேட்டை_ஈஆட்டோ
5 ஜூலை, இரவு 8.40

மின்வண்டி மோட்டாருக்கு வேண்டிய காந்தம் பற்றி யாரும் பேசவில்லையே. ஏப்ரல் 4ஆம் தேதி சீனா ஏழு அரிய மண் உலோகங்களுக்கும் அதில் செய்யும் காந்தங்களுக்கும் ஏற்றுமதி அனுமதி கட்டாயம் என்று கொண்டுவந்தது. இரண்டு மாதத்தில் இங்கே வண்டி செய்யும் பெரிய கம்பெனிகளே கையைப் பிசைந்தன. நான் புக் பண்ணிய இரண்டாவது ஆட்டோ இன்னும் வரவில்லை. ஆனால் வாத்தியார் சொன்னதும் சரிதான். என் பழைய ஆட்டோ தினமும் ஓடுகிறது, அதற்குச் சீனாவிடம் யாரும் அனுமதி கேட்கவில்லை. டீசல் ஆட்டோ வைத்திருந்தபோது ஒவ்வொரு விலை ஏற்றமும் அன்றைக்கே பாக்கெட்டில் தெரியும்.

லாஸ்பேட்டை_வாத்தியார்
6 ஜூலை, காலை 10.20

நல்ல விவாதம். பரங்கிப்பேட்டைக்காரர் கேட்டதிலிருந்துதான் என் பதிலை மறுபடி யோசித்தேன். முதல் நாள் நான் சொன்ன அரிசி, கிரைண்டர் உதாரணம் ஓர் இடத்தில் போதாது. அதைச் சொல்லியாக வேண்டும்.

பழைய ஏற்பாட்டில் ஆபத்து என்ன என்று நமக்குத் தெரியும். புதிய ஏற்பாடு முழுதாக வந்துவிட்டால் அதன் ஆபத்து குறைவு என்பதும் தெரியும். எனக்குக் கவலை நடுவில் இருக்கும் இருபது, முப்பது வருடம். பெண்ணையாற்றில் இறங்கிக் கடந்தவர்களுக்குத் தெரியும், இரு கரையிலும் முழங்கால் அளவுதான், நடுவில்தான் இழுக்கும்.

எண்ணெய் தேவை குறையக் குறைய முதலில் வெளியேறுவது யார்? எடுக்கச் செலவு அதிகமாகும் இடங்கள். கடைசிவரை நிற்பது மலிவாக எடுக்கும் வளைகுடா. பன்னாட்டு எரிசக்தி முகமை 2021இல் வெளியிட்ட நிகர பூஜ்யப் பாதையிலேயே, அதாவது கார்பன் வெளியீட்டை நிகரமாகப் பூஜ்யத்துக்குக் கொண்டுவரும் திட்டத்திலேயே, இது இருக்கிறது: 2050இல் உலகத்துக்குத் தேவைப்படும் எண்ணெய் வெகுவாகக் குறைந்துவிடும், ஆனால் அந்தக் குறைந்த எண்ணெயில் ஒபெக் என்னும் எண்ணெய் ஏற்றுமதிக் கூட்டமைப்பு நாடுகளின் பங்கு 52 சதவீதமாக உயரும். அதாவது, நாம் எண்ணெயை விட்டு விலகிப் போகிற வழியிலேயே, மிச்சமிருக்கும் எண்ணெய்க்கு அதே நீரிணையை இன்னும் அதிகமாக நம்பி நிற்போம். இது என்னைப் பல நாள் யோசிக்க வைத்த விஷயம்.

அதே நேரத்தில் சேமிப்புத் தொட்டி, குகை, உபரிக் கப்பல், சுத்திகரிப்பு ஆலை இவற்றில் பணம் போட யாருக்கு மனம் வரும்? "இன்னும் பதினைந்து வருடத்தில் தேவை இருக்காது" என்று எல்லோரும் கையை இழுத்துக்கொள்வார்கள். வளர்ந்த நாடுகள் சேர்ந்திருக்கும் அதே முகமை, தன் உறுப்பினர்கள் 90 நாள் இறக்குமதிக்குச் சமமான எண்ணெயைக் கையில் வைத்திருக்க வேண்டும் என்கிறது. கப்பல்காரத் தம்பி சொன்ன 53 லட்சம் டன் நமக்குப் பத்து நாளைக்குக்கூட வராது. கம்பெனித் தொட்டிகளையும் சேர்த்தால்தான் சொல்லிக்கொள்ளும்படி இருக்கும்.

அடுத்தது சாயங்காலம். தமிழ்நாட்டின் மின்தேவை 2024 மே 2ஆம் தேதி 20,830 மெகாவாட்டைத் தொட்டது. பகலில் சூரியன் நிறையத் தருகிறது. மேயிலிருந்து செப்டம்பர்வரை முப்பந்தல், பல்லடம் பக்கம் காற்றும் தருகிறது. ஆறரை மணிக்கு வெயில் போனதும், எல்லோரும் வீட்டுக்கு வந்து ஏசி போடும்போது யார் தருவது? சட்டென்று ஏற்றி இறக்கக் கூடியது நீர்மின்சாரம், பேட்டரி, எரிவாயு. நாட்டில் 20,000 மெகாவாட்டுக்கு மேல் எரிவாயு நிலையங்கள் இருக்கின்றன, விலை கட்டுப்படியாகாமல் பெரும்பாலும் சும்மா நிற்கின்றன. காரைக்காலில் புதுச்சேரி அரசின் 32.5 மெகாவாட் நிலையம் காவிரிப் படுகையில் எடுக்கும் வாயுவில் ஓடுகிறது, அது நம் சொந்தச் சரக்கு, ஆனால் சின்னது. மற்றவற்றுக்கு எல்என்ஜி. வருடம் முழுக்கச் சேர்த்துப் பார்த்தால் கொஞ்சம்தான் வேண்டும், அந்தக் கொஞ்சம் வேண்டிய நேரத்தில் கிடைக்காவிட்டால் ஊரே இருட்டு.

2022இல் என்ன நடந்தது? ரஷ்யக் குழாய் நின்றதும் ஐரோப்பா எந்த விலைக்கும் எல்என்ஜியை வாங்கியது. பாகிஸ்தானுக்கும் வங்கதேசத்துக்கும் போக வேண்டிய கப்பல்கள் அந்தப் பக்கம் திரும்பின. அங்கே மணிக்கணக்கில் மின்வெட்டு. போர் நடந்தது உக்ரைனில், இருட்டு விழுந்தது டாக்காவில். காசு குறைவாக இருப்பவன் வரிசையில் கடைசி. நம் கண் முன்னால் இலங்கையில் க்யூஆர் கோடு காட்டிப் பெட்ரோல் வாங்கினார்களே, அங்கே நீரிணை எதுவும் மூடவில்லை. கையில் டாலர் இல்லை, அவ்வளவுதான்.

ஆகவே என் கருத்து: புதியது தன் காலில் நிற்கும்வரை பழையதன் சேமிப்பைக் கரைக்கக் கூடாது. இன்னும் சொல்லப்போனால், எரிப்பதைக் குறைக்கக் குறைக்கச் சேமிப்பைக் கூட்ட வேண்டும். நெய்வேலியில் புதிதாக வயலை எடுத்துச் சுரங்கத்தை விரிப்பதை நான் ஆதரிக்கவில்லை. இருக்கும் சுரங்கத்தில் இருக்கும் கரியைச் சாயங்கால நேரத்துக்கும் நெருக்கடி நேரத்துக்கும் ஒதுக்கி வைப்பதை ஆதரிக்கிறேன். வட்டம்_17உம் உழவனும் இந்த இடத்தில் ஒத்துப்போக முடியும் என்று நம்புகிறேன்.

வட்டம்_17
6 ஜூலை, மதியம் 1.05

ஐயா, பழுப்பு நிலக்கரிக் கொதிகலனைச் சாயங்காலத்துக்கு மட்டும் ஏற்றி இறக்குவது சொல்வது போல எளிதில்லை. குளிர்ந்த நிலையிலிருந்து சூடேற்றவே பல மணி நேரம் ஆகும். அடிக்கடி ஏற்றி இறக்கினால் குழாய் வெடிக்கும். 2020 ஜூலை 1 கொதிகலன் விபத்தில் உயிர் போனவர்களை இங்கே யாரும் மறக்கவில்லை. இயந்திரத்தைக் கசக்கும் எந்தத் திட்டமும் அங்கே நிற்கிற தொழிலாளி தலையில்தான் விடியும். குறைந்த சுமையில் ஓடவிட்டு வைத்திருக்கலாம், அதற்குச் செலவு உண்டு. புதிய வயல் வேண்டாம் என்பதில் எனக்கு மறுப்பில்லை.

சேத்தியாத்தோப்பு_உழவன்
6 ஜூலை, மாலை 4.50

அது போதும் அண்ணே.

தேவனாம்பட்டினம்_படகு
6 ஜூலை, இரவு 7.30

எங்களைப் பற்றியும் இரண்டு வரி. மீன்பிடித் தடைக்காலம் ஜூன் 14 ராத்திரியோடு முடிந்தது. 61 நாள் கரையில் கிடந்து, வலை சரிபண்ணி, கடன் வாங்கி ஐஸும் டீசலும் ஏற்றுகிற நேரம். சண்டை ஆரம்பித்தது 13ஆம் தேதி. கச்சா எண்ணெய் பீப்பாய் 70 டாலருக்குக் கீழே இருந்து 80 பக்கம் போய்விட்டுத் திரும்பியது. பங்கில் விலை மாறவில்லை, தப்பித்தோம். மாறியிருந்தால் கடலுக்குப் போன முதல் நடையிலேயே நஷ்டம்.

எங்கள் விசைப்படகுக்குப் பேட்டரி, சோலார் எதுவும் இன்று கிடையாது. ஆழ்கடலில் நாலைந்து நாள் கிடக்க டீசல்தான். கரையில் இருப்பவர்கள் டீசலையும் காஸையும் விட முடிந்த இடத்தில் விட்டால், விட முடியாத எங்களுக்கு நெருக்கடியில் மிச்சம் இருக்கும். அந்த அக்கா அடுப்பை மாற்றுவதில் எங்களுக்கும் லாபம்.

மஞ்சக்குப்பம்_மெஸ்
27 ஜூலை 2025, இரவு 10.50

எல்லோருக்கும் நன்றி. மூன்று வாரம் கழித்து வருகிறேன், சொல்ல விஷயம் இருக்கிறது.

ஆறு லட்சத்தையும் கொட்டவில்லை. 5 கிலோவாட் இண்டக்‌ஷன் அடுப்பு இரண்டு வாங்கினேன். ஈ.பி.யில் மூன்று ஃபேஸ் லோடு உயர்த்த மனு கொடுத்து வந்துவிட்டது. சோறு, சாம்பார், பால், வெந்நீர் எல்லாம் இதில். தோசைக்கல்லும் பரோட்டாக் கல்லும் காஸில்தான், அதை மாற்ற மாஸ்டர் ஒப்பவில்லை, எனக்கும் மனமில்லை. அலுமினிய அண்டா இதில் சூடாகாது என்று வாங்கிய பிறகுதான் தெரிந்தது. அடிப்பாகம் காந்தம் ஒட்டுகிற எவர்சில்வர் அண்டா மூன்று புதிதாக எடுத்தேன், அந்தச் செலவை யாரும் முன்னாடி சொல்லவில்லை. மாற்றப்போகிறவர்கள் ஒரு காந்தத்தை எடுத்துக்கொண்டு பாத்திரக் கடைக்குப் போங்கள்.

இருபது சிலிண்டர் பதினொன்றுக்கு வரும் போலிருக்கிறது. பணத்தில் பெரிய லாபம் இல்லை, கடைக் கரண்ட் யூனிட் பத்து ரூபாய் பக்கம். ஆனால் அதே நான்கு சிலிண்டர் இப்போது ஆறு நாளுக்குப் பதில் பதினொரு நாள் தாங்கும். கரண்ட் போனால் எல்லாவற்றையும் காஸுக்கு மாற்ற பர்னரை எடுக்காமல் வைத்திருக்கிறேன். காஸ் நின்றால் தோசை மட்டும்தான் நிற்கும். சாப்பாடு போடலாம், ஏழு பேருக்கும் சம்பளம் கொடுக்கலாம். சமையல்கட்டில் சூடு குறைந்துவிட்டது, பாத்திரம் தேய்க்கும் அம்மாவுக்கு மயக்கம் வருவது நின்றிருக்கிறது. இதை நான் எதிர்பார்க்கவில்லை.

சோலார் 3 கிலோவாட் ஹைப்ரிட்டாகப் போடலாம் என்று இருக்கிறேன், லைட், ஃபேன், பிரிட்ஜ், கிரைண்டருக்கு. ஈய பேட்டரியே போதும். எதிர்க்கடை அண்ணனும் வந்து அடுப்பைப் பார்த்துவிட்டுப் போனார்.

வில்லியனூர் தம்பிக்கு ஒரு கேள்வி. ஃபெஞ்சலுக்குப் பிறகு பெண்ணையாற்றுத் தண்ணீர் வந்தபோது பின்கட்டில் மூன்றடி நின்றது. பேட்டரியை எங்கே வைப்பது?

வில்லியனூர்_சோலார்
28 ஜூலை, காலை 6.55

மாடிப்படி திரும்புகிற இடத்தில் காற்றோட்டம் இருந்தால் அங்கே, அக்கா. இல்லை என்றால் பின்கட்டிலேயே சுவரில் இரும்பு ஸ்டாண்ட் அடித்து ஐந்தடி உயரத்தில். சிலிண்டர் இருக்கும் பக்கம் வேண்டாம், எதிர்ச்சுவர். ஞாயிற்றுக்கிழமை வந்து அளந்து தருகிறேன்.